கடல் தாண்டிப் போன தகர டப்பாக்கள்

(பழைய மாணவர், வரலாறு, 1971–74)

மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "ஐயா, விடுதிச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஆறு கட்டுரை வந்தாச்சு. நீங்க வரலாறு படிச்சவர். வரலாறா ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றார். சோழனோ பாண்டியனோ வருவான் என்று எதிர்பார்த்திருப்பார். அந்த ராஜாக்களைப் பற்றி எழுத நம் செட்டிலேயே நாலு பேராசிரியர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது நான் பிழைத்த பிழைப்போடு ஒட்டிய வரலாறு.

நம் வகுப்பில் பாதிப்பேர் வாத்தியார் வேலைக்கும் மீதிப்பேர் வங்கிக்கும் போனபோது எனக்கு வாய்த்தது ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் பிலிம் நூலகம். நூலகம் என்று பேர்தான், புத்தகம் ஒன்றும் கிடையாது. இரும்பு அலமாரி, தகர டப்பா, டப்பாவுக்குள் பிலிம் சுருள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புளித்த வாடை. பிலிம் கெட்டுப்போக ஆரம்பித்தால் வினிகர் வாடைதான் முதலில் வரும். எந்த அலமாரியில் ஆபத்து என்று கண்டுபிடிக்க எங்களுக்குப் பட்டியல் வேண்டாம், மூக்கு போதும். அந்த அறையில் 30 வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்ததில், மற்ற நாட்டு நிலையங்களில் என்ன நடந்தது என்று தேடித்தேடிப் படிக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. அப்படிப் படித்ததில் என் மனசைவிட்டுப் போகாத ஒன்றைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பிரிட்டனில் எடுத்து, பிரிட்டனில் காட்டி, அவர்கள் கையாலேயே அழித்துவிட்ட டி.வி. நிகழ்ச்சிகள் எக்கச்சக்கம். அவற்றில் இன்றைக்குப் பார்க்கக் கிடைக்கிற பல, வெளிநாட்டுக்காரன் பார்ப்பதற்காக அனுப்பி வைத்த பிரதியால் உயிர் பிழைத்தவை.

கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன். பி.பி.சி.யின் தொலைக்காட்சி 1936 நவம்பர் 2 அன்று லண்டன் அலெக்சாண்ட்ரா அரண்மனையிலிருந்து தொடங்கியது. போர் வந்ததும் 1939 செப்டம்பரில் நிறுத்தி, 1946 ஜூனில் மறுபடி ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்து டி.வி. நாடகம் நம்ம தெருக்கூத்து மாதிரி. ஆடி முடித்தால் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை போட்ட நாடகத்தை வியாழக்கிழமை மறுபடி காட்ட வேண்டுமானால், நடிகர்கள் எல்லாரும் திரும்ப வந்து வேஷம் கட்டி முதல் வசனத்திலிருந்து நடிக்க வேண்டும். பதிவு என்ற பேச்சே பெரும்பாலும் கிடையாது.

அப்போதும் வெளிநாட்டில் பார்த்தவர்கள் உண்டு. அயர்லாந்துக்குச் சொந்த டி.வி. வந்தது 1961 டிசம்பர் 31 அன்றுதான். அதற்குச் சில வருடம் முன்பிருந்தே அதன் கிழக்குக் கரையோரத்து ஜனங்கள் கூரைமேல் நெடுங்கம்பம் நட்டு, கடலுக்கு அந்தப்பக்கம் வேல்ஸிலிருந்தும் வடக்கே பெல்பாஸ்ட் பக்கமிருந்தும் கசிந்து வந்த படத்தைப் பிடித்துப் பார்த்தார்கள். இது நம்மில் சிலருக்குப் புதுசில்லை. 1982-ல் கொழும்பில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையில் மாடிக்கு மாடி எழும்பிய ஆன்டெனாக்களை நினைத்துப் பாருங்கள். காற்றடித்தால் ஒருத்தன் மாடியில் ஏறிக் கம்பத்தைத் திருப்ப, கீழே இன்னொருத்தன் "ஆங்… இன்னும் கொஞ்சம்… போச்சு, திருப்பு திருப்பு" என்று கத்த, அது ஒரு தனிக் கலை. ஆனால் அப்படிப் பார்த்தது பார்த்ததோடு சரி. அலையைப் பிடித்தவன் கையில் பிரதி எதுவும் மிஞ்சாது. நான் சொல்ல வந்தது டப்பாவில் போன படங்களின் கதை.

டி.வி. படத்தைக் கடல் தாண்டி அனுப்புவதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. பிரிட்டன் ஒரு படத்தை 405 கோடுகளாக உழுது அனுப்பியது, அமெரிக்கா 525, ஐரோப்பாவின் பெரும்பகுதி 625. ஒரு நாட்டு டேப் இன்னொரு நாட்டு இயந்திரத்தில் ஓடாது. எல்லா ஊரிலும் ஓடக்கூடிய ஒரே பொருள் சினிமா பிலிம். ஆகவே ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். நல்ல டி.வி. திரை ஒன்றை இருட்டில் வைத்து, அதற்கு எதிரே ஒரு சினிமா காமிராவை நிறுத்தி, திரையில் ஓடுவதை அப்படியே படம் பிடிப்பது! கேட்டால் கல்யாண வீட்டு வீடியோவை இன்னொருத்தன் செல்போனில் எடுப்பது மாதிரி இருக்கிறதல்லவா? தத்துவம் அதேதான். ஆனால் காமிராவின் ஓட்டமும் திரையின் துடிப்பும் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை ஓடும்.

1953 கோடையில் 'குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்' என்று ஆறு வாரத் தொடர் ஒன்றை பி.பி.சி. நேரடியாக ஒளிபரப்பியது. கனடா நாட்டு நிலையம் ஆர்வம் காட்டியதால் இந்த முறையில் பிலிம் எடுக்க ஆரம்பித்தார்கள். இரண்டு வாரம் எடுத்துப் பார்த்தார்கள். தரம் திருப்தியில்லை என்று நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் பகுதியில் ஒரு பூச்சி வந்து அந்தத் திரையில் உட்கார்ந்து நடிகர்களின் மேலே ஊர்ந்துகொண்டிருக்கும். இன்றைக்கும் அந்தப் பூச்சியைப் பார்க்கலாம். மூன்றாம் பகுதியிலிருந்து ஆறாம் பகுதி வரை எதையும் பார்க்க முடியாது. அவை எடுக்கப்படவே இல்லை.

அதே 1953-ல் ஜூன் 2 அன்று எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா. பிரான்ஸ், நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி வரைக்கும் நேரடியாகப் போய்விட்டது. அட்லாண்டிக்கைத் தாண்ட வழியில்லை. செயற்கைக்கோள் வர இன்னும் பல வருடம் இருக்கிறது. என்ன செய்தார்கள்? திரையைப் படம்பிடித்த பிலிமைக் கழுவி எடுத்து, பிரிட்டிஷ் விமானப் படையின் கான்பெரா ஜெட் குண்டுவீச்சு விமானங்களில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பினார்கள். குண்டு போடும் விமானத்தில் பிலிம் டப்பா! அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் பங்குக்குத் தனி விமானம் பிடித்துப் போட்டி போட்டன. கனடா மக்கள் அன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து விழாவைப் பார்த்தார்கள்.

1960-களில் காலனி நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலையாகிச் சொந்த நிலையம் தொடங்கின. நைஜீரியாவின் இபாடானில் 1959-லேயே வந்துவிட்டது. சிங்கப்பூர், மலேசியா இரண்டிலும் 1963. நம் சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15. நிலையம் தொடங்குவது ஒரு நாள் வேலை. தினமும் சாயங்காலம் நாலு மணி நேரம் நிரப்புவதுதான் பிராணன் போகிற வேலை. அந்தக் கஷ்டம் எங்களை மாதிரி ஆட்களுக்குத்தான் தெரியும். சொந்தமாக ஒரு நாடகம் எடுக்கும் செலவில் வெளிநாட்டுத் தொடர் பல வாரத்துக்கு வாங்கலாம். பி.பி.சி.யின் விற்பனைப் பிரிவான பி.பி.சி. என்டர்பிரைசஸ் 16 மி.மீ. பிலிமாகப் பிரதி போட்டு விற்றது. 25 நிமிடப் பகுதி ஒன்றுக்கு ஏறத்தாழ 940 அடி பிலிம். ஒரு டப்பாவில் அடங்கிவிடும்.

'டாக்டர் ஹூ' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். காலத்துக்குள் முன்னும் பின்னும் பயணம் செய்யும் ஒரு கிழவரின் கதை. 1963 நவம்பர் 23 அன்று லண்டனில் தொடங்கியது. மறு வருடம் செப்டம்பரில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் காட்டினார்கள். பிரிட்டனுக்கு வெளியே அதுதான் முதல். அடுத்து ஆஸ்திரேலியா, ஹாங்காங், சிங்கப்பூர், நைஜீரியா, சைப்ரஸ் என்று போயிற்று. எல்லா ஊருக்கும் தனித்தனிப் பிரதி போட்டால் கட்டுபடியாகுமா? ஒரு நிலையம் ஓட்டி முடித்ததும் அதே டப்பாக்களை அடுத்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும். தொழிலில் இதற்கு 'சைக்கிள் விடுவது' என்றே பெயர். நம் தெருவில் விகடனும் கல்கியும் வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைக்குள் எட்டு வீடு சுற்றி, அட்டை கிழிந்து திரும்புமே, அதே ஏற்பாடு. எட்டாவது வீட்டுக்காரர் எப்படிப் பின்தங்கியிருப்பாரோ அப்படித்தான் எட்டாவது நாடும். 1966 அக்டோபரில் லண்டனில் அந்தக் கிழவர் வேஷத்திலிருந்து வில்லியம் ஹார்ட்னல் விலகி பாட்ரிக் ட்ரௌட்டன் வந்துவிட்டார். பிரதி சுற்றி வரத் தாமதமான ஊர்களில் பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகும் ஹார்ட்னல்தான் டாக்டர்.

ஒப்பந்தத்தில் கடைசி வரி ஒன்று இருக்கும். இத்தனை வருடம், இத்தனை தடவை காட்டலாம். அதற்குப் பிறகு பிரதியைத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அடுத்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும், அல்லது அழித்துவிட்டு அழித்ததாகச் சான்று தர வேண்டும். இந்த வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சொந்த வீட்டில் நடந்தது. 1950-களின் கடைசியில் வீடியோ டேப் வந்தது. இரண்டு அங்குல அகலம், கனமான சுருள், கொள்ளை விலை. அதன் பெருமையே அழித்துவிட்டு மறுபடி பதியலாம் என்பதுதான். நடிகர் சங்கத்தோடு செய்திருந்த உடன்பாட்டின்படி ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட்ட காலத்துக்குள் ஓரிரு முறைதான் மறு ஒளிபரப்புச் செய்யலாம். அதற்கு மேல் போனால் புதிதாகப் பேசிப் பணம் தர வேண்டும். அந்தக் காலம் கழிந்த டேப்பை வைத்து என்ன செய்வது? 1967 ஜூலையில் பி.பி.சி.யின் இரண்டாம் சேனலில் கலர் வந்தது. 1969 நவம்பரில் முதல் சேனலிலும் வந்தது. அப்புறம் கறுப்பு வெள்ளையை யார் கேட்பார்கள் என்று நினைத்தார்கள். வீட்டில் வீடியோ வைத்துக்கொண்டு பழைய படம் போட்டுப் பார்ப்பான் மனிதன் என்பது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

இதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். நான் வேலை பார்த்த நிலையத்திலும் டேப் தட்டுப்பாடு வந்தபோது, "எதை அழிக்கலாம்னு ஒரு லிஸ்ட் போடுங்க" என்று மேலிடத்துக் காகிதம் வரும். பாகவதர் ஒருவரின் கச்சேரி மேல் கால்நடை வளர்ப்புப் பேட்டி ஏறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கால்நடை வளர்ப்பும் அவசியமானதுதான், நான் மறுக்கவில்லை.

பி.பி.சி.யில் நடந்ததில் என்னை யோசிக்க வைத்தது வேறொரு விஷயம். டேப்புகள் பொறியியல் பிரிவின் பொறுப்பு. பிலிமாகவே எடுத்தவை பிலிம் நூலகத்தின் பொறுப்பு. வெளிநாட்டுக்காகப் போட்ட பிலிம் பிரதிகள் விற்பனைப் பிரிவின் பொறுப்பு. டேப்பை அழித்தவர்கள், பிரதி வேறெங்கேயாவது இருக்கும் என்று நினைத்தார்கள். விற்பனைப் பிரிவோ, உரிமைக் காலம் முடிந்த பிலிம்களை 1970-களில் குப்பைக்குத் தள்ளியது. மூலம் பத்திரமாக இருக்கும் என்று அவர்கள் நினைப்பு. கூட்டுக் குடும்பத்தில் மூன்று மருமகளும் அடுப்பை மற்றவள் அணைத்திருப்பாள் என்று தூங்கப் போன கதை. 1969 ஜூலையில் மனிதன் நிலவில் இறங்கிய இரவு முழுக்க பி.பி.சி. ஸ்டூடியோவிலிருந்து நடத்திய நிகழ்ச்சியே பெரும்பாலும் மிஞ்சவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1978-ல்தான் சூ மால்டன் என்ற பெண்மணி, எதை வைத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுக்கும் முதல் ஆவணத் தேர்வாளராக நியமிக்கப்பட்டார். அதே வருடம் இயன் லெவின் என்ற ரசிகர் பி.பி.சி.யின் விற்பனைப் பிரிவு அலுவலகத்துக்குப் போனபோது, டாக்டர் ஹூவில் டாலெக் என்ற எதிரிகள் முதன்முதலாக வரும் கதையின் டப்பாக்கள் அழிப்பதற்கென்று கட்டி வைத்திருந்தன. அவர் சொல்லி அவை தப்பின. அதன் பிறகு அழிப்பு நின்றது. வீட்டில் தேடியது போதும், வெளியூரில் விசாரிப்போம் என்ற யோசனையும் பிறந்தது.

விசாரித்தார்கள். சைப்ரஸிலிருந்து 1984-ல் சில பகுதிகள் வந்தன. அதே காலத்தில் நைஜீரியாவிலிருந்து சில. 1991 கடைசியில் ஹாங்காங்கின் ஏ.டி.வி. நிலையத்தில், 1967-ல் ஒளிபரப்பான 'சைபர்மென் கல்லறை' என்ற கதையின் நாலு பகுதியும் முழுசாகக் கிடைத்தன. பிரிட்டனில் அதில் ஒரு பகுதிகூட இல்லாமல் இருந்தது. ஆறு மாதத்துக்குள், 1992 மே மாதம், வீடியோ கேசட்டாகப் போட்டு விற்றார்கள். ஏ.டி.வி. என்பது ரீடிஃப்யூஷன் என்ற பழைய நிலையத்தின் வாரிசு. அந்த ஏ.டி.வி.யும் 2016 ஏப்ரலில் ஒளிபரப்பை நிறுத்திவிட்டது.

டாக்டர் ஹூ மட்டும் என்று நினைக்க வேண்டாம். 'அட் லாஸ்ட் த 1948 ஷோ' என்று 1967-ல் ஒரு நகைச்சுவைத் தொடர். பின்னாளில் மான்டி பைதான் குழுவில் புகழ்பெற்ற ஜான் கிளீஸும் கிரஹாம் சாப்மனும் அதில்தான் கை பழகினார்கள். அதையும் அழித்துவிட்டார்கள். ஸ்வீடன் நாட்டுத் தொலைக்காட்சிக்கென்று தொகுத்துக் கொடுத்த ஐந்து பகுதிகள் ஸ்வீடனில் பத்திரமாக இருந்தன. அமெரிக்காவில் இன்னும் பெரிய புதையல். அங்கே பொதுத் தொலைக்காட்சிக்கு அனுப்பிய பிரிட்டிஷ் நாடகங்களின் பிரதிகள் நியூயார்க் நிலையம் ஒன்றின் சேகரிப்போடு சேர்ந்து வாஷிங்டனின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் கிடங்குக்குப் போயிருந்தன. 2010-ல் எண்ணிப் பார்த்தபோது, பிரிட்டனில் இல்லாமல் போன நாடகங்கள் 60-க்கு மேல் அதில் இருந்தன. ஜேம்ஸ் பாண்ட் ஆவதற்கு முன்னால் ஷான் கானரி நடித்தது ஒன்று, மேகி ஸ்மித் நடித்த ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆஸ்திரேலியாக் கதை. அங்கே இறக்குமதியாகும் பிலிம் எல்லாவற்றையும் தணிக்கைக் குழு பார்க்கும். டாக்டர் ஹூவை அவர்கள் குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் காட்ட வேண்டியிருந்ததால், பயமுறுத்தும் இடங்களை எல்லாம் கத்தரித்தார்கள். தூக்குக் கயிறு, கழுத்தை நெரிப்பது, வாயைத் திறந்து விஷ வாயு ஊதுவது, எல்லாம் சரக் சரக். கத்தரித்த துண்டுகளை அரசாங்க வழக்கப்படி எண் போட்டு, காகிதத்தோடு கோப்பில் வைத்துவிட்டார்கள். காட்டப்பட்ட பிலிம் பிறகு அழிந்தது. காட்டக்கூடாது என்று வெட்டிய துண்டு சர்க்கார் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தது! 1996 அக்டோபரில் ரசிகர்கள் தேடிப்போய் அவற்றைக் கண்டெடுத்தார்கள். 1968-ல் வந்த 'ஃப்யூரி ஃப்ரம் த டீப்' என்ற கதையின் ஆறு பகுதிகளும் தொலைந்துபோனவை. இன்று அதிலிருந்து ஓடுகிற படமாகப் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் இந்தத் தணிக்கைத் துண்டுகள்தான். ஆஸ்திரேலியக் குழந்தைகள் பார்க்காமல் போன சில நொடிகளை மட்டும் உலகமே இன்று பார்க்கிறது. பைலில் எண் போட்டு வைக்கும் குமாஸ்தாவை நாம் எவ்வளவு கேலி செய்திருப்போம்!

கலர் சமாசாரமும் ஒன்று உண்டு. 1970-களின் முதல் பாதியில் கலரில் எடுத்த டாக்டர் ஹூ கதைகள் சிலவற்றின் டேப்பை அழித்துவிட்டார்கள். வெளிநாட்டு விற்பனைக்குப் போட்ட கறுப்பு வெள்ளை பிலிம் மட்டும் இருந்தது. இதற்கிடையில் அமெரிக்காவில் அந்தக் கதைகள் கலரிலேயே ஒளிபரப்பாகி, யாரோ ஒரு ரசிகர் வீட்டில் பீட்டாமேக்ஸ் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். அந்தக் கேசட்டில் கலர் இருக்கிறது, ஆனால் படம் மங்கல். லண்டன் பிலிமில் படம் துல்லியம், ஆனால் கலர் இல்லை. 1992-ல் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி 'டீமன்ஸ்' என்ற கதையை மறுபடி கலராக்கினார்கள். இதைப் படித்த அன்று ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை. தொழில் ஆர்வம் அப்படி. பிறகு இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கலர் சிக்னலைக் கறுப்பு வெள்ளைத் திரையில் ஓட்டிப் படம் பிடித்தபோது, கலர் விவரம் நுண்ணிய புள்ளிகளாகப் பிலிமிலேயே பதிந்திருக்கிறது. அந்தப் புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் படித்தே கலரை மீட்க வழி கண்டுபிடித்து, 'டாட்ஸ் ஆர்மி' தொடரின் ஒரு பகுதியை 2008 டிசம்பரில் கலரில் ஒளிபரப்பினார்கள்.

வெளிநாட்டுப் பார்வையாளன் பிரதியைக் காப்பாற்றியதோடு சில தொடர்களின் ஆயுளையும் நீட்டியிருக்கிறான். நம்மில் பலர் வயிறு வலிக்கச் சிரித்த 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' நினைவிருக்கிறதா? 1977 டிசம்பரில் லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷன் தொடங்கியது. இங்கிலாந்தில் ஆங்கிலம் கற்க வந்த பல நாட்டுக்காரர்களை ஒரே வகுப்பில் உட்கார வைத்தது. அதில் சர்தார்ஜி ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ், இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். வெளிநாட்டுக்காரர்களை மட்டமாகக் காட்டுகிறது என்று சொல்லி 1979-ல் அந்த நிறுவனமே தொடரை நிறுத்தியது. ஆனால் யாரை மட்டமாகக் காட்டுகிறது என்றார்களோ அவர்கள் நாடுகளில்தான் அது சக்கைப்போடு போட்டது. அந்த வெளிநாட்டுக் கிராக்கிக்காகவே 1986-ல் வேறொரு தயாரிப்பாளர் இன்னும் 13 பகுதிகள் எடுத்தார். லண்டனில் சங்கடப்பட்டார்கள், இங்கே சிரித்தோம். எது சரி என்று கேட்டால், இரண்டும் சரி என்பேன். நம்மை வைத்துச் சிரிக்கிறான் என்று தெரிந்தேதான் நாம் சிரித்தோம்.

இதே மாதிரி ஒன்று நம் கல்லூரியிலும் நடந்திருக்கிறது, ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1969-ஆம் வருடத்துக் கல்லூரி மலர் நம் நூலகத்தில் ஒன்றுகூட இல்லை. ஈப்போவில் குடியேறிய மூத்த மாணவர் ஒருவர் வீட்டில், தொடர்கதைகளோடு சேர்த்துப் பைண்டு செய்த ஒரு பிரதி இருந்தது. அவர் மகள் படியெடுத்து அனுப்பியதுதான் இப்போது சங்க அலுவலகத்தில் இருக்கிறது.

இந்த வரலாற்றில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு. நைஜீரியாவிலும் ஹாங்காங்கிலும் பிரதி தப்பியதற்குப் பெரும்பாலும் யாருடைய தொலைநோக்கும் காரணமில்லை. 'அழித்துச் சான்று அனுப்பு' என்ற அந்தக் கடைசி வரியை யாரோ நிறைவேற்றாமல் விட்டார்கள். டப்பா அலமாரியின் அடியிலேயே கிடந்தது. அதே அலமாரியில் அந்த நாட்டுக்காரர்கள் சொந்தமாக எடுத்த நாடகமும் பாட்டும் பேட்டியும் இருந்திருக்குமே, அவற்றை யார் தேடினார்கள்? லண்டனிலிருந்து வந்தவர் லண்டன் டப்பாவைத் தேடித்தான் வந்தார், அதில் தப்பில்லை. ஆனால் பிரிட்டிஷ் பிரதி வெளியூரில் இருந்ததால் பிழைத்தது. இபாடானில் எடுத்த நாடகத்தை எந்த வெளியூரும் வாங்கவில்லை. அதற்கு வேறு வீட்டில் பிரதி கிடையாது. நம் சென்னையில் எடுத்தவற்றுக்கும் அப்படித்தான். வாங்கிப் பார்ப்பவன் பிரதி கேட்பான், விற்பவனுக்கே இரண்டாம் பிரதி போடும் வசதி. சரித்திரத்தில் யார் குரல் மிஞ்சுகிறது என்று நம் பேராசிரியர் மூன்றாம் வருடத்தில் அடிக்கடி கேட்பாரே, அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு வகுப்பில் விளங்கவில்லை, பிலிம் கிடங்கில் விளங்கியது.

கடைசியாக நடந்த பெரிய கண்டெடுப்பையும் சொல்லி முடிக்கிறேன். பிலிப் மோரிஸ் என்ற பிரிட்டிஷ்காரர் ஆப்பிரிக்க நாடுகளில் நிலையம் நிலையமாக ஏறி இறங்கினார். நைஜீரியாவின் ஜோஸ் நகரில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் அலமாரியில் டாக்டர் ஹூ டப்பாக்கள் 11 இருந்தன. அதில் ஒன்பது, பிரிட்டனில் இல்லாதவை. 2013 அக்டோபர் 11 அன்று அறிவித்தார்கள். 1960-களில் ஒளிபரப்பான 253 பகுதிகளில் அந்த ஒன்பதும் வந்து சேர்ந்த பிறகும் 97 இல்லாமல்தான் இருந்தன.

வந்தவை இரண்டு கதைகள். ஒன்று முழுசாகிவிட்டது. மற்றது 'வெப் ஆஃப் ஃபியர்'. 1968-ல் வந்தது, லண்டன் சுரங்க ரயிலில் நடக்கும் கதை, ஆறு பகுதி. முதல் பகுதி முன்னாலேயே இருந்தது. ஜோஸிலிருந்து இரண்டு, நாலு, ஐந்து, ஆறு வந்தன. மூன்று மட்டும் வரவில்லை. அதன் ஒலி இருக்கிறது; அன்றைய ரசிகர்கள் டி.வி. ஓடும்போது வீட்டு டேப் ரெக்கார்டரில் பிடித்தது. திரையைப் பார்த்து அன்றைக்கு எடுத்த சில போட்டோக்களும் இருக்கின்றன. அவற்றை வைத்து ஒப்பேற்றி வெளியிட்டார்கள். 2021-ல் கார்ட்டூனாக வரைந்தும் பார்த்தார்கள். பின்னால் அந்தத் தொடரில் பல வருடம் வந்துபோன லெத்பிரிட்ஜ்-ஸ்டுவர்ட் என்ற ராணுவ அதிகாரி, இருட்டுச் சுரங்கத்தில் முதன்முதலாகக் கதைக்குள் நுழைவது அந்த மூன்றாம் பகுதியில்தான்.